தந்தால் பிடிக்காத செடி

விமானத்தில் தந்த பன்னைப் பிரிப்பதற்குள் பெல்ட்டைப் போடச் சொன்னார்கள். இறங்கப் போகிறதாம். ஹட்டனிலிருந்து கொழும்புக்கு பஸ்ஸில் வர அரை நாள் போயிருந்தது. கொழும்பிலிருந்து திருவனந்தபுரத்துக்கு ஒரு தூக்கம் போடக்கூட நேரம் கிடைக்கவில்லை. பன்னைக் கைப்பையில் போட்டுக்கொண்டு இறங்கினேன். வெளிநாடு என்றால் தூரமாக இருக்கும் என்று யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள்.

போன வேலை இது. மலைமேல் தேயிலைத் தோட்டத்து லயங்களில், அதாவது கூலிக்காரர்களின் வரிசை வீடுகளில், இருக்கும் பெண்களுக்கு அலங்காரச் செடி வளர்க்கச் சொல்லித்தர வேண்டும். ஆபீசுகளில் மூலைக்கு மூலை வைப்பார்களே, பூக்காது, காய்க்காது, இலை மட்டும் வைத்துக்கொண்டு நிற்கும், அந்தச் செடி. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். முதலில் தேயிலைக் கொழுந்து எடுத்தேன். பிறகு வெளிநாட்டுக்கு இலை அனுப்பும் பண்ணை ஒன்றில் சேர்ந்து, செடி வெட்டி நட்டே பாதி வயது போனது. பண்ணை முதலாளிக்கு இங்கே ஒரு தொண்டு நிறுவனத்தில் ஆள் பழக்கம். "போயிட்டு வாங்க" என்றார். போனேன்.

விமான நிலையத்தில் ஜெயன் சார் நின்றார். அந்த நிறுவனத்து ஆள். நல்ல மனிதர், பேச்சு மட்டும் நிற்காது. மலையாளத்தில் ஆரம்பித்து, எனக்காகத் தமிழுக்கு வந்து, மூச்சு வாங்கும்போது இங்கிலீசில் இளைப்பாறுவார். காலைச் சாப்பாட்டுக்கு ஒரு கடைக்குக் கூட்டிப்போனார். புட்டும் கடலைக்கறியும். எங்கள் ஊர் பிட்டுதான், ஆனால் இவர்கள் அதோடு வாழைப்பழத்தைப் பிசைகிறார்கள். ஒரு பக்கம் காரக்கறி, ஒரு பக்கம் பழம். சண்டை போடும் இரண்டு பேரை ஒரே வீட்டில் குடிவைத்த மாதிரி. தின்னத் தின்ன சரியாகிவிட்டது.

தேயிலைதான் சரியாகவில்லை. நாங்கள் தேயிலைக்கு வெந்நீர் ஊற்றுவோம். இவர்கள் தேயிலையைப் பாலில் போட்டு வேகவைக்கிறார்கள். என்ன குற்றம் செய்தது அது?

ஆபீசில் ஒரு பெரிய பேனர் கட்டியிருந்தார்கள். அதில் என் படம். என் அடையாள அட்டையில் உள்ள படம், பயந்துபோன முகம். கீழே மலையாளத்தில் எழுத்து. "என்னாங்க எழுதியிருக்கு?" என்று கேட்டேன்.

"சர்வதேச நிபுணர்," என்றார் ஜெயன் சார்.

"அப்படின்னா?"

"பல தேசங்களில் பேரு கேட்ட ஆளுன்னு அர்த்தம்."

எங்கள் தோட்டத்து டிவிஷன் தாண்டினால் என்னை நாய் கூடத் தெரிந்து குரைக்காது. சொல்லவில்லை. பேனருக்கு ஏற்கனவே காசு கொடுத்திருப்பார்கள்.

அன்று முழுக்க ஜெயன் சார் சுவரில் படம் காட்டினார். அம்புக்குறிகள், வட்டங்கள், வட்டத்துக்குள் சிரிக்கும் பெண்கள். விஷயம் என்னவென்றால், கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் ஆபீசுகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றுக்குச் செடி வாடகைக்கு விடும் ரேணு மேடம் என்று ஒருவர் இருக்கிறார். மாதாமாதம் அவருக்குச் செடி வேண்டும். மலைமேல் நிழலும் ஈரமும் சும்மா கிடக்கின்றன. பெண்கள் அங்கே வளர்க்கட்டும், இவர் வாங்கட்டும். நான் ஒரு மாதம் தங்கிப் பழக்கிக் கொடுத்தால், மாதக் கடைசியில் ரேணு மேடம் நேரில் வந்து பார்த்து முடிவு சொல்வார். இவ்வளவுதான் விஷயம். இதற்கு அத்தனை அம்புக்குறி.

மறுநாள் தாய்ச்செடிகளோடு பஸ் ஏறினோம். தாய்ச்செடி என்றால் கம்பு வெட்டுவதற்கென்று வைத்திருக்கும் பெரிய செடி. பிலோடென்ட்ரான், அக்லோனிமா, வெள்ளைக்கோடு போட்ட மணி பிளான்ட். எல்லாம் விலை கூடிய சாதி. பெட்டியில் வைத்து சீட்டில் ஏற்றினேன். கண்டக்டர் வந்தார்.

"இது ஆரு?" என்று மலையாளத்தில் கேட்டார்.

"செடி," என்றேன்.

"சீட்டில் இருக்கிறதே. அப்போ டிக்கெட்."

செடிக்கு டிக்கெட் எடுத்தோம். எனக்கு சீட் இல்லை. ஜன்னலோரம் அக்லோனிமா காற்று வாங்கிக்கொண்டு வந்தது. நான் கம்பியைப் பிடித்து நின்றபடி வந்தேன்.

விதுரை தாண்டியதும் ஜெயன் சார் வெளியே பார்த்து, "அய்யோ" என்றார். பஸ் மாறி ஏறியிருக்கிறோம். எங்களுக்குப் போகவேண்டியது போனக்காடு. இந்த பஸ் பொன்முடிக்குப் போகிறது. அம்புக்குறி போடுகிறவருக்கு பஸ்ஸின் போர்டைப் பார்க்கத் தோன்றவில்லை.

கல்லாற்றில் இறக்கிவிட்டார்கள். ஆற்றோரம் நாலைந்து கடை, குளிக்க வந்த கூட்டம். ரோட்டோரம் செடிகளை அடுக்கி வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் ஒரு காரை நிறுத்திப் புருஷன் பெண்சாதி இறங்கினார்கள். செடிக்கு நடுவில் நின்று செல்பி எடுத்தார்கள். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க, படத்தில் விழுறீங்க" என்று என்னிடம் சொன்னார்கள். தள்ளி நின்றேன். பிறகு ஒரு ஜீப் பிடித்து, வந்த வழியே இறங்கி, வேறு மலை ஏறினோம். அட்டைக்கடி இரண்டு நாட்டிலும் ஒன்றுதான்.

போனக்காட்டு லயத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். நான் நாடு மாறினேனா, இல்லை ஹட்டனைச் சுற்றிவிட்டு வந்து இறங்கினேனா என்று சந்தேகம். அதே நீட்டுக் கட்டிடம், அதே கல்லுப்படி, அதே பொதுக்குழாய், குழாயடியில் அதே வரிசை. வரிசையில் நின்ற பெண்கள் என்னைத் தலையிலிருந்து கால் வரை படித்தார்கள்.

"நீங்கதான் சிலோன் அக்காவா? பேச்சு நம்ம பேச்சா இருக்கு?"

"எங்க கொள்ளுத்தாத்தா திருநெல்வேலிப் பக்கம்."

"எங்களுக்கும் அங்ஙனதான். ஒங்க ஆளு கப்பல் ஏறிட்டான், எங்க ஆளு மலை ஏறிட்டான். அவ்வளவுதான். ரெண்டு பேருக்கும் தேயிலைதான் கிடைச்சு."

இதைச் சொன்னவள் சுசீலா. வாய் நீளம். குழாயடியை ஆள்கிறவள்.

என்னைத் தங்கவைத்தது ஸ்டெல்லாவின் வீட்டில். பெண்கள் குழுவுக்கு அவள்தான் தலைவி. தேயிலை வேலை படுத்துப்போன பிறகு கழக்கூட்டத்தில் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் கூட்டித் துடைக்கப் போனாள். தினமும் போய்வர முடியாத தூரம். அங்கேயே தங்கி ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவாள். வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள். புருஷன் தாசன் பலாமரத்திலிருந்து விழுந்து இடுப்பு போனவர், மெல்ல நடப்பார். சமையல் அவர்தான். அவர் வைத்த மீன்கறிக்கும் மரவள்ளிக்கும் ஊரைவிட்டே வரலாம். சோறு சிவப்பரிசி, எங்கள் சிவப்பரிசிக்கு அண்ணன். ஒரு கைப்பிடி தின்றால் வயிறு நிறைந்து, தாடை வலிக்கும்.

ஸ்டெல்லா சாப்பிடும்போது சொன்னாள். "வார்டன்கிட்ட ஒரு மாசம் லீவு கேட்டு வந்திருக்கேன் எக்கா. இந்த மேடம் செடி எடுத்தா நான் போகண்டா. எடுக்கலன்னா ஒண்ணாந்தேதி ஹாஸ்டல்ல நிக்கணும். இல்லாட்டி வேற ஆள வெச்சிடுவாவ."

சின்னவள் அவள் மடியில் உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தாள். மடியில் உட்காரும் வயதெல்லாம் தாண்டியவள். யாரும் இறக்கிவிடவில்லை.

மூன்றாம் நாள் பயிற்சி. ஜெயன் சார் பேனரைக் கட்டிவிட்டு, குத்துவிளக்கு ஏற்றிவிட்டு, வேறு வேலை இருக்கிறது என்று ஜீப்பில் இறங்கிப் போனார். நிம்மதி. கொழுந்துக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகும் பழைய பிள்ளைமடுவம், அவர்கள் இப்போது ஷெட் என்கிறார்கள், அங்கே மேசை போட்டு தாய்ச்செடியை வைத்தேன். கத்தியை எடுத்தேன். கணுவுக்குக் கீழே சாய்த்து ஒரு வெட்டு. ஒரு கணு, ஒரு இலை போதும். வெட்டின வாய் கொஞ்சம் காயட்டும். பிறகு தும்புத்தூளில் நடு. எங்களுக்குத் தும்புத்தூள், அங்கே சகிரிச்சோறு. தேங்காய் மட்டையிலிருந்து வருவதுதான், பெயர்தான் வேறு. ஈரம் இருக்கணும், தண்ணீர் நிற்கக்கூடாது. முடிந்தது. என் படிப்பு முழுவதும் இவ்வளவுதான்.

கொழுந்து எடுத்த கைகள். காட்டினதும் பிடித்துக்கொண்டார்கள். ஆளுக்கு நாலு கம்பு வெட்டிக் கொடுத்தேன். "நல்லதக்கா" என்று வாங்கிக்கொண்டு போனார்கள்.

மறுநாள் லயத்தைச் சுற்றி வந்தேன். ஒருத்தியும் நடவில்லை. ஒரு வீட்டில் கம்பு ஜன்னலில் காய்ந்து கிடந்தது. ஒரு வீட்டில் துணிக்கொடிக் கயிற்றில் செருகியிருந்தது. சுசீலா வீட்டு வாசலில் ஆடு நின்றது. அதன் வாயில் அக்லோனிமா. கழக்கூட்டத்து ஆபீசுக்கு வைத்திருந்ததை அசைபோட்டுக்கொண்டே என்னைப் பார்த்தது.

எனக்குக் கோபம் வராது. வந்தாலும் வெளியே வராது. போய்ப் படுத்துவிட்டேன்.

அடுத்த நாள் காலை ஷெட்டுக்குப் போனால் தாய்ச்செடி இளைத்திருந்தது. மணி பிளான்ட்டில் ஒரு கொடியைக் காணோம். பிலோடென்ட்ரானில் இரண்டு கிளை இல்லை. ஆடுதான் ருசி கண்டு வந்துவிட்டது என்று கதவுக்குப் பலகை வைத்தேன். அதற்கடுத்த நாள் இன்னும் குறைந்திருந்தது. பலகை வைத்த இடத்திலேயே இருந்தது. குனிந்து வெட்டின இடத்தைப் பார்த்தேன். கணுவுக்குக் கீழே, சாய்வாக, ஒரே வெட்டு. நான் சொல்லிக்கொடுத்தபடி. ஆடு கத்தி பிடிக்காது.

குழாயடிக்குப் போய் சுசீலாவிடம் சொன்னேன். "செடி களவு போகுது."

அவள் குடத்தை நிமிர்த்தினாள். "போகட்டும்."

"என்னா போகட்டும்? நான் சும்மாதானே குடுத்தேன். அதை நடாம, இதைத் திருடுறீங்களே?"

"நான் எடுத்தேன்னு சொன்னேனா? ஒரு காரியம் சொல்லுதேன், கேட்டுக்கிடுங்க. தந்த செடி பிடிக்காது. எடுத்த செடிதான் பிடிக்கும். இதுகூடத் தெரியாமலா சிலோன்லேருந்து படிச்சுக் குடுக்க வந்திய?"

வரிசையில் நின்ற எல்லோரும் தலையாட்டினார்கள்.

எங்கள் பக்கமும் மணி பிளான்ட் விஷயத்தில் இப்படி ஒரு பேச்சு உண்டு. இங்கே எல்லாச் செடிக்கும் அதுதான் சட்டம். சுசீலா லயத்து வாசல்களைக் காட்டினாள். ரோசா, டேலியா, நீலப் பூங்கொத்து. "இதெல்லாம் ஆரு தந்தது? தொரை பங்களாத் தோட்டத்துல ஒரு கம்பு கேட்டா தருவானா? நம்ம மாமியாமாரு எடுத்து வெச்சது. இப்பவும் நிக்குது. கிருஷி ஆபீசுலேந்து ஒருக்கா ஆளுக்கொரு செடித் தைய்யி தந்தான். ஒண்ணு பிழைச்சா? ஒண்ணு?"

"ஒண்ணும் பிழைக்கல," என்றார்கள் எல்லோரும்.

சட்டத்துக்கு உட்பிரிவுகளும் இருந்தன. எடுக்கிறதைச் செடிக்காரி பார்க்கக்கூடாது. பார்த்தாலும் கேட்கக்கூடாது. எடுத்தவள் எடுத்தேன் என்று வாய் திறக்கக்கூடாது. திறந்தால் செடி வாடும். நேருக்கு நேர் கேட்டால், என்னிடம் இல்லை என்றுதான் சொல்லவேண்டும். அது பொய்யில் சேராது.

நான் யோசித்தேன். எனக்கு நட்டால் போதும். எப்படி எடுத்தார்கள் என்பது போலீஸ் வேலை.

அன்றிலிருந்து என் வகுப்பு இப்படி நடந்தது. கம்பு வெட்டுவேன். எது எந்தச் செடி, எவ்வளவு நிழல், எப்போது தண்ணீர், எல்லாம் சொல்லுவேன். கம்புகளை மேசையில் பரப்பி வைப்பேன். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி மலையைப் பார்ப்பேன். நல்ல மலை. திரும்பினால் மேசை துடைத்த மாதிரி இருக்கும். பெண்கள் கையைக் கட்டிக்கொண்டு அப்பாவியாக உட்கார்ந்திருப்பார்கள். தலைவி ஸ்டெல்லாவின் முந்தானை மட்டும் புடைத்திருக்கும்.

சந்தேகம் கேட்பதும் அதற்கேற்ற மாதிரிதான். "எக்கா, ஆராவது ஒருத்தி, நான் இல்ல, பெயின்ட் வாளில ஒரு செடி வெச்சிருந்தா, எல மஞ்சளாச்சுன்னா அவ என்ன செய்யணும்?"

"அவ வாளிக்கு அடியில ஓட்டை போடணும்."

"நான் பாத்தா சொல்லுதேன்."

வாரம் போகப்போக வீட்டுப் பின்பக்கங்கள் பச்சை கட்டின. பெயின்ட் வாளி, எண்ணெய் டின், சிமென்ட் சாக்கு, ஓட்டைக் குக்கர். ஒரு வீட்டில் குழந்தை உட்காரும் பிளாஸ்டிக் கக்கூஸ், அதில் அரசி மாதிரி ஒரு பிலோடென்ட்ரான். எங்கள் பண்ணையில் கண்ணாடி வீட்டுக்குள் மிஷின் வைத்து நீராவி அடித்து வளர்ப்பார்கள். இந்தளவு பளபளப்பு வராது. பயமும் ஆசையுமாகப் பார்க்கிறார்கள் அல்லவா, திருட்டுச் சொத்து.

நாலாம் வாரத் தொடக்கத்தில் ஜெயன் சார் வந்தார். ஷெட்டைப் பார்த்தார். மொட்டைத் தாய்ச்செடிகள் நின்றன. வேறெதுவும் இல்லை.

"சேச்சி, கம்பெல்லாம் எங்கே?"

"அவங்ககிட்ட."

பெண்களைக் கூப்பிட்டுக் கேட்டார். "சேச்சி நிங்களுக்கு கம்பு தந்தாங்களா?"

"ஆடு தின்னதுதான் சாறே," என்றாள் சுசீலா. "பின்ன ஒண்ணும் கிட்டல."

ஜெயன் சார் என்னைப் பார்த்த பார்வை நன்றாக இல்லை. பின்பக்கம் போய்ப் பாருங்கள் என்று சொல்ல வாய் வரை வந்தது. ஸ்டெல்லா கண்ணைக் காட்டினாள், விட்டுவிட்டேன். அவர் தலையில் கைவைத்தார். ரேணு மேடம் சனிக்கிழமை வருகிறாராம். வேர்விட்ட செடிகளை ஓரிடத்தில் அடுக்கிப் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறாராம். வீடு வீடாகக் குனிந்து பார்க்க அவருக்கு நேரம் கிடையாதாம். "ஷெட்டு இப்படிக் கிடந்தால் நான் மேடத்தை வரவேண்டாம்னு சொல்லிடறேன்," என்றார். வியாழக்கிழமை வரை பொறுப்பதாகச் சொல்லிவிட்டு இறங்கினார்.

அன்று சாயங்காலம் ஸ்டெல்லா குழாயடியில் கேட்டாள். "மக்கா, சனியாழ்ச்ச மேடம் வருதாவ. எல்லாரும் செடிய ஷெட்டுக்குக் கொண்டு வாங்க."

"என்ன செடி?" என்றாள் சுசீலா.

"எக்கா, களிக்காதிய, இது வெளையாட்டு இல்ல."

"நம்ம கையில ஏது செடி? ஆட்டுகிட்ட கேளு."

ஒருத்தியும் கொண்டுவர மாட்டாள். கொண்டுவந்தால் ஒப்புக்கொண்ட மாதிரி. வேர் பிடித்து, புது இலை சுருண்டு வரும் நேரம். யார் தன் கையால் வாடவிடுவாள்? ஸ்டெல்லாவும் ஒப்புக்கொள்ளத் தயாராக இல்லை. அவள் வீட்டுப் பின்னாலும் ஒரு வரிசை நின்றது. "ஏட்டி, நீ மொதல்ல உன்னத எடுத்து வை," என்று ஒருத்தி சொன்னாள். "எனக்கு ஏது?" என்றாள் ஸ்டெல்லா. அப்படிச் சொல்லும்போது தன் பிழைப்பைத் தானே அடைக்கிறோம் என்று அவளுக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்து மூலையிலிருந்த பையை எடுத்து உதறினாள். ஹாஸ்டலுக்குக் கொண்டுபோகும் பை. தாசன் அடுப்பைப் பார்த்தபடி சொன்னார்: "செடி பிடிக்கணும்னா எடுக்கணும். இல்லையா?"

"அதுக்கு?"

"அப்ப எடு. எல்லாருதையும்."

ஸ்டெல்லா பையைக் கீழே வைத்தாள்.

மறுநாள் குழாயடியில் அவள் யாரையும் பார்க்காமல், குடத்தைப் பார்த்துச் சொன்னாள். "புதனாழ்ச்ச பத்து மணிக்கு மேல நானும் சிலோன் அக்காவும் சும்மா இருக்கோம். கைவண்டி ஒண்ணு இருக்கு."



"புதனாழ்ச்ச நான் கோயிலுக்குப் போகணும்," என்றாள் சுசீலா. "எம்பின்வாசல் கொண்டி வேற கெட்டுக் கெடக்கு. ஆராச்சும் கேறினாக்கூடத் தெரியாது."

"எனக்கும் கொண்டி கேடுதான்."

"எனக்குக் கதவே சாத்தாது."

லயத்தில் உள்ள எல்லாக் கதவும் ஒரே நாளில் கெட்டுப்போனது.

புதன்கிழமை பட்டப்பகலில் திருடினோம். நான், ஸ்டெல்லா, பின்னால் நொண்டி நொண்டித் தாசன். ஐம்பது வயதில், வெளிநாட்டில், சர்வதேச நிபுணர். முதல் வீட்டில் நாலு பக்கமும் பார்த்துவிட்டு எடுத்தேன். இரண்டாம் வீட்டில் பழகிவிட்டது. மேலே அம்மன் கோயிலில் பெண்கள் பாடும் சத்தம் கேட்டது. எங்களுக்கு நேரம் போதவில்லை போல, பாட்டை முதலிலிருந்து திரும்ப ஆரம்பித்தார்கள்.

ஒவ்வொரு வீட்டிலும் செடிகளைத் தண்ணீர் தெளித்து, இலை துடைத்து, எடுக்க வாகாகப் படியோரம் வரிசையாக வைத்திருந்தார்கள். சுசீலா வீட்டில் ஒரு பிளாஸ்கும் இரண்டு தம்ளரும், மூடிவைத்த தட்டில் ஏத்தங்காய் பஜ்ஜியும். ஸ்டெல்லா தம்ளரில் ஊற்றினாள்.

"இது யாருக்குடி?" என்று கேட்டேன்.

"பூனைக்கா இருக்கும். குடிங்க."

பூனைக்கு வைத்த சாயாவைக் குடித்தோம். அன்றைக்கு அது ருசியாகவே இருந்தது.

எல்லா வீடும் முடிந்தது. ஸ்டெல்லா வண்டியை நிறுத்திவிட்டு யோசித்தாள். அவள் செடி மிச்சம். சொந்தச் செடியைத் தானே எடுத்தால் அது களவு ஆகாது. என்னையும் தாசனையும் பார்த்தாள். நாங்கள் அந்த வீட்டில் சாப்பிடுகிறவர்கள், நாங்களும் எடுக்கமுடியாது. அதைப் பிறகு பார்க்கலாம் என்று ஷெட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனோம். உள்ளே போனால் மூலையில் அவள் செடிகள், அவள் வைத்த அதே எண்ணெய் டின்களில், ஏற்கனவே உட்கார்ந்திருந்தன. கோயிலிலிருந்து யாரோ நடுவில் இறங்கி வந்திருக்கிறார்கள். ஸ்டெல்லா ஒன்றும் கேட்கவில்லை. கேட்கவும் கூடாது.

வியாழக்கிழமை ஜெயன் சார் வந்து ஷெட்டைப் பார்த்துவிட்டு மூன்று மொழியிலும் பேச்சை நிறுத்தினார். முதல் தடவை.

சனிக்கிழமை ரேணு மேடம் வந்தார். முன்னால் கார், பின்னால் காலி வேன். நெடுமங்காட்டுக்காரி. கட்டையான ஆள், வெடுக்கென்று நடை. செடிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். இலையைத் திருப்பிப் பார்த்தார். ஒரு செடியைக் குக்கரிலிருந்து உருவி வேரைப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. கக்கூஸ் பிலோடென்ட்ரானுக்கு முன்னால் மட்டும் கொஞ்ச நேரம் நின்றார்.

"நல்ல செடி," என்றார் மலையாளத்தில். "இது யாருடையது?"

அடுத்த டின்னைத் தொட்டார்.

"இது?"

பெண்கள் கூரையைப் பார்த்தார்கள்.

"யாராவது ஒருத்தர் சொல்லுங்கள். நாளைக்கு இலை வாடினால் நான் யாரைக் கூப்பிட? இது யார் வளர்த்தது?"

"அறியில்ல மேடம்," என்றாள் சுசீலா. "இங்க இருந்தது."

ரேணு மேடம் ஜெயன் சார் பக்கம் திரும்பினார். குரல் மாறிவிட்டது. "எங்கிருந்து கொண்டுவந்து அடுக்கினீர்கள்? ஏதாவது நர்சரியில் வாங்கியதா? இவர்கள் வளர்க்கவில்லை என்று இவர்களே சொல்கிறார்கள்." ஜெயன் சார் வட்டம் போடக் கையைத் தூக்கினார். படம் காட்ட இங்கே மிஷின் இல்லை. "உடைமைக்காரன் இல்லாத செடியை நான் வாங்க மாட்டேன்," என்று சொல்லிவிட்டு அவர் கார் பக்கம் நடந்தார்.

நான் ஸ்டெல்லாவைப் பார்த்தேன். ஒரு வார்த்தை போதும். என்னுடையது என்று சொன்னால் அந்தம்மா திரும்பி வருவார். ஆனால் இத்தனை பெண்களின் செடியும் இவள் வாயால் வாடும், அல்லது வாடும் என்று எல்லோரும் கைவிடுவார்கள். கைவிட்டால் வாடத்தான் செய்யும். வாசலில் சின்னவள் நின்றாள்.

"மேடம்," என்று ஸ்டெல்லா கூப்பிட்டாள். ரேணு மேடம் நின்றார்.

"மேடத்துக்கு வீட்டுல மணி பிளான்ட் உண்டா?"

"உண்டு. அதற்கென்ன?"

"வாங்கினதா?"

ரேணு மேடம் ஷெட் பக்கம் இரண்டு அடி திரும்பி வந்தார்.

ஸ்டெல்லா பெண்கள் பக்கம் திரும்பினாள். "வாங்க மக்கா, நாம சாயா குடிக்கப் போவோம். எல்லாரும். வேன் இங்ஙனயே நிக்கட்டும். வேனை ஆரும் பாக்கண்டா."

ஒருத்தி பாக்கியில்லாமல் முதுகைத் திருப்பிக்கொண்டு நடந்தார்கள். சுசீலா போகிற போக்கில் ஷெட் கதவை அகலத் திறந்துவிட்டுப் போனாள். நானும் திரும்பி நின்று மலையைப் பார்த்தேன்.

"இவர்களுக்கு என்ன?" என்று ஜெயன் சார் கேட்பது காதில் விழுந்தது. ரேணு மேடத்திடமிருந்து ஒரு சிரிப்பு. மூக்கால் வந்த சிறிய சிரிப்பு. "என்னுடையது," என்றார், "ஸ்கூலில் படிக்கும்போது டீச்சர் வீட்டு மதிலில் எடுத்தது. இப்போது மாடி வரை ஏறியிருக்கிறது." பிறகு டிரைவரைக் கூப்பிடும் சத்தம், வேன் கதவு திறக்கும் சத்தம், வாளிகள் உரசும் சத்தம். அந்தம்மாவும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தூக்கினார் என்று பிறகு ஜெயன் சார் சொன்னார். நான் பார்க்கவில்லை. பார்க்கக்கூடாது.

ஸ்டெல்லா வீட்டு வாசலில் எல்லோருக்கும் சாயா. ரேணு மேடம் கை கழுவிக்கொண்டு வந்து ஒரு தம்ளர் வாங்கிக் குடித்தார். தம்ளரை வைக்கும்போது அடியில் ஒரு கவரை வைத்தார். தடித்த கவர்.

"சாயாவுக்கு," என்றார்.

அவ்வளவு விலையுள்ள சாயாவை நான் எங்கும் குடித்ததில்லை. அதைப் பங்கு வைப்பது அவர்கள் பாடு.

காரில் ஏறியவர், கண்ணாடியை இறக்கி, யாரையும் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துச் சொன்னார். "அடுத்த மாதம் கடைசிச் சனிக்கிழமை எனக்கு இந்தப் பக்கம் ஒரு வேலை உண்டு. அதற்கடுத்த மாதமும்."

"கடைசிச் சனியாழ்ச்ச எங்களுக்குக் கோயில்ல பூஜை," என்றாள் ஸ்டெல்லா, அவளும் ரோட்டைப் பார்த்து. "லயத்துல ஒரு ஆள் இருக்காது."

கார் இறங்கியது, பின்னால் வேன். ஜெயன் சார் மட்டும் நின்று, "அப்போ ஆர்டர் கிடைத்ததா, கிடைக்கவில்லையா?" என்று ஒவ்வொருத்தியிடமும் கேட்டுக்கொண்டிருந்தார்.

அங்கே போனுக்கு சிக்னல் கிடைப்பது ஓடைப் பாலத்தின் மேல் மட்டும்தான். ஸ்டெல்லா அங்கே போய் நின்று ஹாஸ்டல் வார்டனைக் கூப்பிட்டாள். லயம் முழுக்கக் கேட்டது.

"சேச்சி, நான் ஒண்ணாந்தேதி வரல. வேற ஆள வெச்சிக்கிடுங்க."

வார்டன் காரணம் கேட்டிருக்க வேண்டும். ஸ்டெல்லா லயத்துப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். சுசீலா அதற்குள் கத்தியோடு ஷெட் பக்கம் போய்க்கொண்டிருந்தாள்.

"இங்ஙன களவு கூடிப்போச்சு சேச்சி," என்றாள். "வீட்டுல ஆள் இல்லாம முடியாது."